பாட்டன் விட்டுப்போன கடன்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று மேல்மலை ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிற சாலை கிளாவரையோடு நின்றுவிடும். அதற்கப்பால் காடு, காட்டுக்கு அப்பால் கேரளம். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகிற அடுக்கு நிலங்களைப் பார்க்கிறவருக்கு, இங்கிருக்கிற எல்லோரும் மலை தோன்றிய நாளிலிருந்தே இங்கு இருந்தவர்கள் என்றுதான் தோன்றும். மேல்மலையின் முதன்மையான குடியானவர்களான குன்னுவ வேளாளரின் பூர்வீகக் கதையோ சமவெளியில் தொடங்குகிறது. காங்கயம், தாராபுரம் பக்கத்திலிருந்து சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன் போருக்கு அஞ்சியோ பஞ்சத்துக்கு அஞ்சியோ மலையேறி வந்தோம் என்பது அது. 1906இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெஜட்டியரில் டபிள்யூ. ஃபிரான்சிஸ் இதைப் பதிந்திருக்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் வாழும் முதுவரும் தங்கள் முன்னோர் மதுரையை விட்டு வந்தவர்கள் என்றே சொல்கிறார்கள். மலையில் வழங்கும் பூர்வீகக் கதைகள் பல இப்படி ஏறிவந்த கதைகள்தான்.

குன்னுவர் கதைக்கு இரண்டாம் பாதி ஒன்றும் உண்டு, அதே கெஜட்டியரில். விருப்பாட்சி, ஆயக்குடி பாளையக்காரர்களின் துணையோடு வந்தவர்கள் மலையில் நிலம் பிடித்தார்கள். அதுவரை அந்த நிலத்தில் பாடுபட்டுக்கொண்டிருந்தவர்கள் புலையர்கள். அவர்களை வெளியேற்றி, பிறகு அவர்களையே பண்ணையாட்களாக ஆக்கிக்கொண்டார்கள். அந்த நிலையிலிருந்து புலையர்கள் இன்னும் முழுதாக மீளவில்லை என்று 1906இலேயே ஃபிரான்சிஸ் எழுதினார். புலையர்களைச் சோம்பேறிகள் என்றும் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். நிலத்தை இழந்தவனைச் சோம்பேறி என்பது வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை.

முதல் பாதியைச் சொல்லிக்கொள்ள எந்தக் குடும்பத்துக்கும் தயக்கம் இருக்காது. பஞ்சம், பயணம், புது மண், உழைப்பு எல்லாம் பெருமைக்கு உரியவை. ஆனால் முன்னோரைத் தேடுகிற ஒருவர், கிடைத்ததில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வைத்துவிட்டு வரலாமா?

இந்தக் கேள்வியை உலகத்திலேயே அதிகமாகக் கிளறியிருப்பது அமெரிக்காவின் செரோக்கி விவகாரம். அங்கே குடும்ப வரலாறு தேடுவது பெரிய பொழுதுபோக்கு. தேடுகிறவர்களில் ஏராளமானோரின் வீட்டில் ஒரே கதை வழங்குகிறது: கொள்ளுப்பாட்டி ஒரு செரோக்கிப் பெண், அதிலும் இளவரசி. செரோக்கிகளிடம் அரசனும் இருந்ததில்லை, இளவரசியும் இருந்ததில்லை என்பதைக் கதை சொல்கிறவர்கள் பொருட்படுத்துவதில்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 8,19,105 பேர் தங்களைச் செரோக்கி என்றோ, பகுதி செரோக்கி என்றோ பதிந்துகொண்டார்கள். அமெரிக்க அரசு ஏற்றிருக்கிற செரோக்கி அமைப்புகள் மூன்று. அவற்றின் குடிமக்கள் அனைவரையும் இன்றைக்குக் கூட்டினாலும் அந்த எண்ணிக்கை வராது.

ஏன் இந்தப் பாட்டி மட்டும் இத்தனை வீடுகளில் வேண்டியிருக்கிறார்? 1832இல் ஜார்ஜியா மாநிலம் செரோக்கி நிலத்தைக் குலுக்கல் முறையில் வெள்ளையருக்குப் பகிர்ந்தது. 1838–39இல் அந்த மக்கள் மேற்கே ஓக்லஹோமா பக்கம் விரட்டப்பட்டார்கள்; வழியிலும் முகாம்களிலுமாக ஏறக்குறைய 4,000 பேர் இறந்தார்கள். நிலம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மண்ணில் வளர்ந்தார்கள். பறித்தவனின் பேரன் பறிகொடுத்தவளின் பேரனும் ஆகிவிட்டால் இரண்டு கணக்கும் ஒரே வீட்டுக்குள் தீர்ந்துவிடுகிறது. வெளியே யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. பாட்டியின் கதை பொய்யாக இருப்பதைவிட, அது மெய்யாகவே இருந்து இப்படிப் பயன்படுவது மோசம்.

செரோக்கிகளுக்கும் கொடைக்கானலுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1810இல் தொடங்கிய அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 1817இல் செரோக்கிகளிடையே பிரெயினார்டு பள்ளியைத் தொடங்கியது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது. சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி அந்த மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845இல் மலைமேல் கட்டிய பங்களாக்களே கொடைக்கானல் நகரத்தின் தொடக்கம். செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டத்துக்குப் பணிய மறுத்துச் சிறை சென்ற சாமுவேல் வூஸ்டரும் இதே சங்கத்தின் ஊழியர்தான். 1832இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டில் இருந்தது, நிலம் போய்விட்டது.

இன்று செரோக்கி நேஷனில் குடியுரிமை கேட்பவர் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: 1898 முதல் அரசு தயாரித்த டாஸ் பட்டியலில் உள்ள ஒருவரின் நேர் வழித்தோன்றல் என்ற ஆவணம். எத்தனை பங்கு ரத்தம் என்று அவர்கள் கேட்பதில்லை. கிழக்குச் செரோக்கிகளின் அமைப்பு 1924ஆம் ஆண்டுப் பட்டியலையும், பதினாறில் ஒரு பங்கு ரத்தத்தையும் கேட்கிறது. ஒரே இனத்துக்குள்ளேயே இரண்டு அளவுகோல். தனக்கும் செரோக்கி முன்னோர் உண்டு என்று சொல்லிவந்த அமெரிக்க செனட்டர் எலிசபெத் வாரன் 2018இல் தன் மரபணுச் சோதனை முடிவை வெளியிட்டார். பல தலைமுறைகளுக்கு முன் பூர்வகுடி மூதாதை ஒருவர் இருந்திருக்கலாம் என்றது அது. செரோக்கி நேஷன் அதைக் கடிந்துகொண்டது. யார் எங்கள் குடிமகன் என்பதைச் சோதனைக்கூடம் சொல்ல முடியாது என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். அடுத்த ஆண்டு வாரன் மன்னிப்புக் கேட்டார்.

அந்த வாதம் வெறும் பிடிவாதம் இல்லை. செரோக்கிகளின் பழைய முறையில் குலம் தாய்வழியே வந்தது. தாய் வெளியாள் என்றால், தகப்பன் செரோக்கித் தலைவனே ஆனாலும் பிள்ளைக்குக் குலம் இல்லை. மேல்மலை அடங்கிய பழனி மலையிலும் இதற்கு நிகரான ஒன்றைப் பழைய நூல்கள் சொல்கின்றன. ஆண் வாரிசு இல்லாத குன்னுவர் வீட்டில் மகளைப் பிறந்த வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அவள் பெறும் பிள்ளைகள், தகப்பன் யாராயினும், அந்த வீட்டின் வாரிசு. அதை எழுதிய துரைமார் முகம் சுளித்துக்கொண்டுதான் எழுதினார்கள். வம்சம் என்பது வீட்டையும் நிலத்தையும் பொறுத்தது என்று ஒரு சமூகம் முடிவு செய்திருக்கிறது என்பதுதான் அதில் பார்க்க வேண்டியது. எச்சில் மாதிரியை அனுப்பிச் சதவீதம் வாங்கி வருகிறவருக்கு இந்த இரண்டு சமூகங்களின் பழைய முறையிலும் இடமில்லை.

மரபணு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு மலையடிவாரத்துக்குச் சற்றுக் கிழக்கிலேயே ஒரு சான்று இருக்கிறது. உசிலம்பட்டி வட்டாரத்து ஜோதிமாணிக்கம் என்ற ஊரில் ஒருவரிடம் எம்130 என்ற குறியீட்டை மதுரைக் காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். எம். பிச்சப்பனின் ஆய்வு கண்டது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும் காணப்படும் குறியீடு அது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த ஆதி மனிதரின் தடம் என்று பேசப்பட்டது. அவ்வளவு பழைய வேர் கிடைத்தும், அந்த ஊருக்குப் புதிதாக ஓர் உரிமையும் வந்துவிடவில்லை, வரவும் கூடாது. பழமை வேறு, பாரம் சுமந்தது வேறு.

பாரம் சுமந்தவர் யார் என்ற கேள்வியைத்தான் இந்திய நீதிமன்றங்களும் சுற்றிச் சுற்றி வந்திருக்கின்றன. வல்சம்மா பால் வழக்கில் (1996) உச்ச நீதிமன்றம், முன்னேறிய பிரிவில் பிறந்து வளர்ந்த பெண் பிற்பட்ட பிரிவில் மணம் செய்துகொண்டதால் மட்டும் இடஒதுக்கீடு பெற முடியாது என்றது. 2012இல் ரமேஷ்பாய் நாய்க்கா வழக்கில் இன்னும் நுட்பமாகப் போனது: தாய் பழங்குடி, தகப்பன் வேறு சாதி என்றால், பிள்ளை தாயின் சமூகத்தில் வளர்ந்து அதன் இழிவையும் இல்லாமையையும் அனுபவித்ததா என்று பார்க்க வேண்டும். இதைவிடத் தெளிவான அளவுகோலை வேறு எவரும் தந்ததாகத் தெரியவில்லை. ஆறு தலைமுறைக்கு முந்தைய பாட்டி எவ்வளவு மெய்யானவராக இருந்தாலும், அவர் பட்ட பாட்டில் ஒரு துளியும் படாதவருக்கு அவர் பெயரில் ஒதுக்கிய இடம் உரியதாகாது. அவரை அறிந்துகொள்ளலாம், படம் கிடைத்தால் மாட்டலாம். அத்தோடு சரி.

பெயர் ஒன்றுபோல் இருப்பதை வைத்து உள்ளே நுழைகிறவர்கள் வேறு. மாதுரி பாட்டீல் வழக்கு (1994) அப்படித்தான் எழுந்தது. கோலி என்ற பெயர் மகாதேவ் கோலி என்ற பழங்குடிப் பெயராக மாறியிருந்தது. சான்றிதழ்களைச் சரிபார்க்கக் குழு வேண்டும் என்ற நடைமுறை அந்தத் தீர்ப்பிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் கொண்டா ரெட்டி, காட்டுநாயக்கன் பெயர்களில் பெற்ற சான்றிதழ்கள் மீது ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்திருக்கின்றன. பொய்ச் சான்றிதழில் பெற்ற வேலை, எத்தனை ஆண்டு பார்த்திருந்தாலும், நிலைக்காது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் முடித்தது. இதில் அறச்சிக்கல் எதுவும் இல்லை, திருட்டு திருட்டுதான்.

சிக்கல் மறுபக்கத்தில் இருக்கிறது. பொய்யரைப் பிடிக்க வைத்த வலையில் மெய்யானவர் மாட்டிக்கொள்கிறார். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் தருகிறார். அவர் கேட்பது ஆவணம். அரசியல் சட்டத்துக்கு முந்தைய பதிவுகளுக்குத் தனி மதிப்பு உண்டு என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழனி மலைக் காடுகளில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியருக்கு 1950க்கு முந்தைய பள்ளிப் பதிவு எங்கிருந்து வரும்? 1960களில் பளியருடன் வாழ்ந்து ஆராய்ந்த மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர் எழுதியதைப் பார்த்தால் இது இன்னும் உறைக்கும். அவர் கண்ட பளியரிடம், தலைமுறை தலைமுறையாக ஒப்பித்துக் காக்கிற பொது அறிவு குறைவு. ஒவ்வொருவரும் தாமே கண்டு பட்டு அறிந்ததையே நம்பினார்கள். ஒருவர் இன்னொருவர்மேல் அதிகாரம் செலுத்துவதையும் அவர்கள் ஏற்கவில்லை. யாருக்கும் மேலானவராக இருக்க விரும்பாதவருக்கு நீண்ட வம்சப்பட்டியல் எதற்கு? அரண்மனைக்கும் கோயில் மானியத்துக்கும் பண்ணைக்கும்தான் அது தேவைப்பட்டது. அந்த மக்களிடம் போய் பாட்டன் பெயர், முப்பாட்டன் பெயர், அதற்குத் தாள் என்று கேட்பது, அவர்கள் வாழாத ஒரு வாழ்க்கைக்குச் சாட்சி கேட்பது. அரசுப் பட்டியலில் பளியன் என்றும் பளியர் என்றும் இரு பதிவுகள் இருப்பது தனி வேடிக்கை. ஒரே மக்களை இரண்டு முறை எண்ணிய அரசு, அவர்களில் ஒருவர் வந்து நின்றால் நீ யார் என்கிறது.

புலையருக்கு நடந்தது இதைவிட விசித்திரம். பழைய பட்டியலில் அவர்கள் பழங்குடி. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பின் பட்டியல் சாதி. மலையிலிருந்து யாரும் இறங்கவில்லை, பாட்டன் பாட்டி மாறவில்லை, டெல்லியில் ஓர் அட்டவணை மாறியது. பழனி மலையிலும் ஆனைமலையிலும் உள்ள புலையர்கள் பழைய இடத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதன் விளைவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டில் குடியிருந்ததைக் காட்டினால் போதும். மற்ற பாரம்பரிய வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கேயே இருந்ததை நிறுவ வேண்டும். குன்னுவருக்கு முன்பே மலையில் இருந்தவர்கள் என்று கெஜட்டியரே சொல்கிற புலையர், பட்டியல் மாறிய காரணத்தால், இந்த இரண்டாவது வரிசையில் நிற்கிறார்கள். 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு, காட்டை ஒட்டி வாழ்பவர்களுக்கு இந்தச் சட்டம்தான் பெரிய பிடிமானம்.

பட்டியல் போடுகிறவர் கை எவ்வளவு நீளம் என்பதைச் செரோக்கிகளும் அறிவார்கள். அவர்களில் வசதியானவர்கள் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள். 1866 ஒப்பந்தம் அந்த அடிமைகளுக்கும் அவர்கள் சந்ததிக்கும் செரோக்கிகளுக்குரிய எல்லா உரிமையும் தந்தது. டாஸ் பட்டியலைத் தயாரித்தவர்கள் அவர்களைத் தனி ஏட்டில் எழுதினார்கள். செரோக்கித் தாய்க்குப் பிறந்தவர்களும்கூடத் தோலின் நிறத்தைப் பார்த்து அந்த ஏட்டுக்குப் போனார்கள். 2007இல் செரோக்கி நேஷன் வாக்கெடுப்பு நடத்தி, ரத்த வழி உள்ளவரே குடிமக்கள் என்று அவர்களை வெளியே தள்ளியது. தாங்கள் பறிகொடுத்ததை மறக்காத ஒரு மக்கள், தாங்கள் பறித்ததை மறக்க வாக்களித்தார்கள். 2017இல் அமெரிக்க நீதிமன்றம் அடிமைகளின் சந்ததி பக்கம் தீர்ப்பளித்தது. 2021இல் செரோக்கி நேஷனின் உச்ச நீதிமன்றமே, ரத்த வழி என்ற சொற்களைத் தன் அரசியல் சட்டத்திலிருந்து நீக்கியது. கொள்ளுப்பாட்டிக் கதைகள் லட்சக்கணக்கில் உலவுகிற நாட்டில், முன்னோரின் பெயரால் எதையாவது திருப்பிக் கொடுத்தது இந்தத் தீர்ப்புதான். ஊன்றிப் படிக்க வேண்டிய வரலாறும் இதுவே.

பாட்டன் செய்ததற்குப் பேரன் எப்படிப் பொறுப்பு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மேல்மலையில் இன்று பூண்டு போடுகிறவர்களில் பெரும்பண்ணைக்காரர் எத்தனை பேர்? சிறு நிலத்தில் கடன் வாங்கிப் பயிரிட்டு, விலை விழுந்தால் சேர்ந்து விழுகிற ஒருவரிடம், நானூறு ஆண்டுக்கு முந்தைய பாளையக்காரர் காலத்துப் பழியைச் சுமத்துவது கொடுமை. பழி பரம்பரைச் சொத்து ஆகாது. சொத்தோ பரம்பரையாக வருகிறது. இந்தச் சிக்கலுக்கு நம் சிவில் சட்டத்தில் பழைய தீர்வு ஒன்று இருக்கிறது: இறந்தவர் பட்ட கடனுக்கு வாரிசு பொறுப்பு, அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு மட்டும். தகப்பன் கடனை மகன் தீர்த்தே ஆக வேண்டும் என்ற இந்துச் சட்டத்துப் புனிதக் கடமையை 2005 திருத்தம் நீக்கியது. வந்த சொத்தின் மீதான கடன் என்ற கொள்கை மட்டும் நிற்கிறது. முன்னோர் விஷயத்திலும் இதற்கு மேல் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எதுவும் வராதவர் எதற்கும் பொறுப்பில்லை. அடுக்கு நிலமும் ஊர் மரியாதையும் மன்னாடி என்ற ஊர்த்தலைவர் பட்டமும் வந்திருந்தால், வந்த அளவுக்குக் கணக்கு உண்டு.

அமெரிக்கக் குடும்பத்துக்குச் செரோக்கிப் பாட்டி இனிப்பதும், மேல்மலைக் குடும்பம் ஒன்றின் பழங்கதையில் ஒரு பளியப் பெண்ணோ புலையப் பெண்ணோ தென்பட்டால் பேச்சு நின்றுபோவதும் இதனால்தான் என்று தோன்றுகிறது. அங்கே பாட்டி எந்தச் செலவும் வைப்பதில்லை. இங்கே அவளை ஒப்புக்கொண்டால் கல்யாணம், கோயில், தண்ணீர்க்குழாய் வரைக்கும் கேள்வி போகும்.

கணக்கை எப்படித் தீர்ப்பது? நிலத்தைத் திருப்பிக் கொடு என்று எழுதுவது எழுதுகிறவருக்கு எளிது. அதற்கு முன் செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று வன உரிமைச் சட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது. உரிமைக்கு எவையெல்லாம் சான்று என்று 13ஆம் விதி பட்டியலிடுகிறது. கெஜட்டியர் முதலிய அரசுப் பதிவுகள் சான்று. உரிமை கோருபவர் அல்லாத பெரியவர்கள் சொல்லி எழுதிய வாக்குமூலமும் சான்று. இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை வேண்டும். முதலில் பரிசீலிப்பது கிராம சபை. புலையர் குடும்பம் ஒன்று 75 ஆண்டுகளை நிறுவ நிற்கும்போது, 1906 கெஜட்டியர் அந்த மக்களுக்கு ஒரு தாள். இந்தக் குடும்பம் இந்த இடத்தில் இருந்தது என்பதற்கு வேண்டிய இரண்டாவது சான்று, அதே ஊரில், அவர்களை வேலை வாங்கிய வீடுகளின் நினைவில் இருக்கிறது. எங்கள் பாட்டன் காலத்தில் இவர்கள் பாட்டன் இந்த ஓடைக்கு மேலே குடியிருந்தார் என்று ஒரு குன்னுவப் பெரியவர் கிராம சபையில் எழுதிக் கொடுத்தால், பூர்வீகக் கதையின் இரண்டாம் பாதி முதல் முறையாகப் பதிவேட்டில் ஏறும்.

அவர் தயங்குவார். எழுதிக் கொடுத்த பிறகு, அப்படியானால் ஓடைக்குக் கீழே உங்கள் நிலம் எப்படி வந்தது என்று யாராவது கேட்கலாம். கிராம சபையில் அவருடைய பங்காளிகளே கேட்கலாம்.